ஆக்டேவியா 1.9 டீடிஐ: என்ஜின் மாத்தின பிறகு ஸ்டார்ட் ஆகி உடனே நிக்குது, சாவி லைட் பிளிங்க்

கோவை_ஆக்டி:

வண்டி 2004 ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டீடிஐ, மேனுவல் கியர். டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைஞ்சு, பிஸ்டனும் அடி வாங்கினதால என்ஜினையே மாத்தியாச்சு. புதுப்பேட்டையில எடுத்த என்ஜின், என்ஜின் கோட் பழசு புதுசு ரெண்டுக்கும் ஏஎல்எச்தான். டீசல் பம்ப், டர்போ, ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்த்து செட்டா வந்தது. இப்ப வண்டியில இருக்கிறது அந்த செட்டோட வந்த ஈசிஎம்.

செல்ஃப் நல்லா அடிக்குது, பட்டுனு ஸ்டார்ட் ஆகுது, ஒண்ணு ஒண்ணரை செகண்ட்ல சாவியை ஆஃப் பண்ணின மாதிரி நிக்குது. மீட்டர்ல சாவி படம் போட்ட லைட் பிளிங்க் ஆகுது. என்ஜின் பக்கம் ஸ்கேன் பண்ணினா 17978, அதாவது பி1570. அழிச்சாலும் அடுத்த ஸ்டார்ட்ல திரும்ப வருது.

கேள்வி ரெண்டு. இந்த ஈசிஎம்மை என் மீட்டரோட சேர்க்க முடியுமா? என்ஜின் வந்த வண்டியோட மீட்டரும் சாவியும் கிடைக்கலை. இல்ல, எல்லாரும் சொல்ற மாதிரி இம்மோ (சாவி சரியில்லைன்னா என்ஜினை நிறுத்தற இம்மொபிலைசர்) ஆஃப் பண்றதுதான் வழியா?

பழையடீசல்:

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிக்கோங்க. என்ஜின் இறக்கி ஏத்தின வண்டியில டீசல் லைன்ல காத்து இருந்தாலும் ஸ்டார்ட் ஆகி நிக்கும். ஆனா காத்துன்னா ஒரு தடவை ரெண்டு செகண்ட், அடுத்த தடவை எட்டு செகண்ட், நடுவுல இருமும், அப்புறம் ஸ்டார்ட்டே எடுக்காது. இம்மொபிலைசர் வெட்டினா ஒவ்வொரு தடவையும் அதே செகண்ட்ல, இருமாம நிக்கும். ஃபில்டர்ல இருந்து பம்புக்குப் போற டியூப் உள்ளே தெரியற மாதிரிதான் இருக்கும், குமிழ் ஓடுதான்னு ஒரு கண் பாருங்க. லைட் பிளிங்க் ஆகுது, 17978 திரும்ப வருதுன்னா இது இம்மோதான், சந்தேகம் இல்லை.

இம்மொபிலைசர் என்ஜின்ல இல்லை. சாவிக்குள்ள இருக்கிற சிப், சாவி போடற இடத்தைச் சுத்தி இருக்கிற காயில், மீட்டர், ஈசிஎம், இந்த நாலுக்குள்ளதான் பேச்சுவார்த்தை. என்ஜின் இரும்பு யாரோடதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால என்ஜின் கோடும் பம்பும் ஒரே வகையா இருந்தா, வண்டியோட சொந்த ஈசிஎம்மைத் திரும்ப மாட்டினாலே வேலை முடிஞ்சுது. செட்டா வந்துச்சேன்னு ஈசிஎம்மையும் சேர்த்து மாட்டறதுதான் பாதி வண்டியில இந்தத் தலைவலிக்குக் காரணம். உங்க பழைய ஈசிஎம் எங்கே?

அதுக்கு முன்னாடி விசிடிஎஸ்ல (ஸ்கேன் பண்ற மென்பொருள்) 17ங்கிற மீட்டர் பகுதிக்குள்ள போய் மெஷரிங் பிளாக் 022 பாருங்க. நாலு கட்டம் வரும். முதலாவது ஸ்டார்ட் பண்ண அனுமதி, ரெண்டாவது ஈசிஎம் பதில் சொல்லுதா, மூணாவது சாவி சரியா, நாலாவது எத்தனை சாவி பதிவாயிருக்குன்னு. ரெண்டாவது 0ன்னா பின் நம்பர் (இம்மோவோட ரகசிய நம்பர்), மேட்சிங் (ஈசிஎம்மையும் மீட்டரையும் ஜோடி சேர்க்கறது)னு எதையும் தொடாதீங்க, வயரிங்கைப் பாருங்க. மூணாவது 0ன்னா சாவியோ காயிலோ. ரெண்டும் 1 இருந்து முதலாவது மட்டும் 0ன்னாத்தான் ஈசிஎம்மும் மீட்டரும் ஒண்ணுக்கொண்ணு அந்நியம்னு அர்த்தம்.

கோவை_ஆக்டி:

022ல 0, 1, 1, 2 வருது. குமிழ் இல்லை.

பழைய ஈசிஎம் கையில இருக்கு. அதுக்குள்ள தண்ணி போயிருக்கு. கப்ளர் பின்கள் பச்சை பூத்து, ரெண்டு பின் கரைஞ்சே போச்சு. அதனாலதான் செட்டோட வந்ததை மாட்டினது.

சால்டரிங்ராஜா:

அப்போ நல்ல செய்திதான் சார். பின் கரைஞ்ச ஈசிஎம்முக்குள்ள இம்மோ தகவல் பெரும்பாலும் பத்திரமா இருக்கும். ரெண்டுமே இடிசி15ங்கிற ஈசிஎம் குடும்பம். போர்டுல 24ன்னு தொடங்கற நம்பர் போட்ட 8 கால் மெமரி சிப் ஒண்ணு இருக்கும். உங்க வண்டியோட இம்மோ அடையாளமும் பின் நம்பரும் அதுக்குள்ளதான். அதைப் படிச்சு, அப்படியே செட்டோட வந்த ஈசிஎம்மோட அதே சிப்புல எழுதினா, மீட்டரைப் பொறுத்தவரை அது உங்க பழைய ஈசிஎம்தான். பின் நம்பர் வேண்டாம், மேட்சிங் வேண்டாம்.

முதல்ல ரெண்டு ஈசிஎம்மோட ஸ்டிக்கர்ல இருக்கிற பார்ட் நம்பரையும், சிப் மேல இருக்கிற நம்பரையும் ஒப்பிடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். மூடி பசையால ஒட்டியிருக்கும், ஹாட் ஏர்ல சுத்தி சூடு காட்டி மெதுவா நெம்புங்க. ஸ்க்ரூடிரைவரை ஆழமா விட்டா ஓரத்துல இருக்கிற டிராக் அறுந்துடும். சிப்பைக் கிளிப் போட்டுப் படிக்கலாம்னு சொல்வாங்க. போர்டுல இருக்கும்போது மத்த பாகங்களுக்கும் கரண்ட் ஏறி தப்புத் தப்பா படிக்கும், நான் நம்ப மாட்டேன். கழட்டியே படிங்க. மூணு தடவை படிச்சு மூணு ஃபைலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் சரி. ஃபைல் முழுக்க எஃப்எஃப்னே வந்தா சிப்போட கால் சரியா தொடலை.

செட்டோட வந்த ஈசிஎம்மோட ஃபைலையும் தொடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுக்கோங்க. ஏதாவது சொதப்பினா திரும்பிப் போக அது ஒண்ணுதான் வழி. மூடியைத் திரும்ப ஒட்டும்போது புளிப்பு வாடை வர்ற சாதாரண சிலிகான் வேண்டாம், அதுல வர்ற ஆசிட் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர்னு போட்டதா வாங்குங்க.

ரிலேபாக்ஸ்:

சால்டரிங் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. ஆனா ரெண்டு பின் நம்பர் தேவை: உங்க வண்டியோடது, ஈசிஎம் வந்த வண்டியோடது.

முதல்ல வண்டியில இருக்கிறது இம்மோ 2வா 3வா, எந்தத் தலைமுறைன்னு பாருங்க. 17 மீட்டர் பகுதியைத் திறந்தா வர்ற விவரத்துல 17 எழுத்து சேசிஸ் நம்பரும், பக்கத்துல எஸ்கேஇசட்7ன்னு தொடங்கற 14 எழுத்து ஐடியும் சேர்ந்து தெரிஞ்சா இம்மோ 3. 2004ன்னா அதுவாத்தான் இருக்கும். அதுல 01ங்கிற என்ஜின் பகுதிக்குள்ள போய், லாகின்ல ஈசிஎம் வந்த வண்டியோட பின்னைக் குடுத்து, அடாப்டேஷன் சேனல் 50ஐ ரீட் பண்ணி, புது வேல்யூ கட்டத்துல உங்க வண்டியோட பின்னைப் போட்டு டெஸ்ட் அழுத்துங்க. உங்க சேசிஸ் நம்பர் திரையில வந்தா சேவ். பின் 4 இலக்கம், போடும்போது முன்னாடி ஒரு 0 சேர்த்து 5 இலக்கமாப் போடணும். நிறைய பேர் மாட்டிக்கிறது அந்த 0லதான்.

தப்பான பின்னைத் திரும்பத் திரும்ப அடிச்சா லாக் விழும். இக்னிஷன் ஆன்ல வெச்சுக் காத்திருக்கணும், ஒவ்வொரு தடவையும் காத்திருப்பு நீளும். பேட்டரியைக் கழட்டி மாட்டினா லாக் போகாது. சார்ஜர் போட்டுட்டு உட்காருங்க, நடுவுல வோல்டேஜ் இறங்கினா சேவ் பாதியில நிக்கும்.

உங்க வண்டி பின்னை ஆர்சி, அடையாள அட்டையோட டீலர்கிட்ட கேட்கலாம். இன்னொரு வண்டியோட பின்னை உங்களுக்குத் தர மாட்டாங்க, தரவும் கூடாது. அந்த ஈசிஎம்மோட மெமரியிலயே அது இருக்கும், ஆனா அதுக்கும் சிப்பைப் படிக்கணும். அப்படிப் பார்த்தா உங்க கேஸ்ல ராஜா சொன்ன வழிதான் சுருக்கம்.

சாவியைத் தொடாதீங்க. மீட்டர் உங்களோடது, 022ல ரெண்டு சாவி சரியா காட்டுது. சேனல் 21ல போய்ச் சாவியைத் திரும்பப் பதிவு பண்றேன்னு ஒரே சாவியை வெச்சுப் பண்ணினா, வீட்ல இருக்கிற இன்னொண்ணு செத்துடும். இன்னொரு வண்டியில பதிவான இம்மோ 3 சாவியும் இதுல ஏறாது, அந்த சிப் பழைய வண்டியோட பூட்டிக்கிட்டு இருக்கும்.

முறுக்குவயர்:

இவ்வளவு சுத்தணுமா ப்ரோ? இம்மோ ஆஃப் பண்ணினா அரை மணி நேர வேலை. மெமரியைப் படிக்கத்தான் போறீங்க, அதுலயே அணைச்சுட்டுப் போகலாமே.

சால்டரிங்ராஜா:

மெமரியைப் படிக்கிற அளவு வேலை பார்த்தாச்சுன்னா சரியான ஃபைலை எழுதவும் அதே நேரம்தான் ஆகும் தம்பி. அப்புறம் எதுக்கு அணைக்கணும்? அணைச்ச வண்டியை சிப் இல்லாம வெட்டின சாவியாலயே ஓட்டிட்டுப் போகலாம். திருட்டு கிளெய்ம் வந்தா இன்சூரன்ஸ்காரங்களுக்கும் பதில் சொல்லணும். மீட்டர் செத்து, பழைய ஈசிஎம்மும் இல்லாம, பின்னும் கிடைக்காத வண்டிக்கு அது கடைசி வழி. இவருக்கு மூணுமே கையில இருக்கு.

ரிலேபாக்ஸ்:

இதே அறிகுறியோட தேடி வர்றவங்களுக்காக வயரிங் பக்கம் ஒண்ணு. 022ல ரெண்டாவது கட்டம் 0 வந்தா, ஈசிஎம் கப்ளரையும் என்ஜின் எர்த் ஸ்ட்ராப்பையும் முதல்ல பாருங்க. என்ஜின் ஏத்தும்போது எர்த் ஸ்ட்ராப்பை பெயிண்ட் மேலயே முடுக்கிட்டுப் போறது வழக்கமா நடக்கறது. இம்மோ 3ல ஈசிஎம்மும் மீட்டரும் பேசறது கேன் லைன்ல, அதாவது ரெண்டு வயர் டேட்டா லைன்ல. ஆரஞ்சு கறுப்பு ஒண்ணு, ஆரஞ்சு பிரவுன் ஒண்ணு, முறுக்கி ஓடும். பேட்டரி கழட்டி, ஈசிஎம் மாட்டின நிலையில ரெண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர் 60 ஓம் பக்கம் காட்டணும். 0 பக்கம் வந்தா ரெண்டும் எங்கேயோ ஒட்டுது. ஆயிரக்கணக்குல வந்தா ஈசிஎம் பக்கம் அறுந்திருக்கு.

ஆர்சிபுக்:

என்ஜின் நம்பர் மாறியிருக்கு, அதை மறந்துடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52படி மாத்தின 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுல தெரிவிச்சு ஆர்சியில ஏத்தணும். என்ஜின் வாங்கின பில்லுல என்ஜின் நம்பர் எழுதியிருக்கணும். இல்லாட்டி இப்பவே போய் எழுதி வாங்குங்க.

கோவை_ஆக்டி:

ரெண்டு சிப்பும் ஒரே நம்பர். பழையதைக் கழட்டிப் படிச்சு எழுதியாச்சு. 022ல இப்ப 1, 1, 1, 2. சாவி லைட் மூணு செகண்ட் எரிஞ்சு அணையுது, வண்டி நிக்காம ஓடுது. 17978 அழிச்ச பிறகு வரலை.

புதுசா ஒண்ணு: ஐடிலிங்ல லேசா உதறுது. 01ல பிளாக் 001ல ரெண்டாவது கட்டம் 1.8 காட்டுது. இம்மோவுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பழையடீசல்:

உண்டு, சுத்தி வளைச்சு. நீங்க எழுதின ஃபைல்ல இம்மோ மட்டும் வரலை, உங்க பழைய பம்புக்குப் போட்டிருந்த டீசல் அளவுத் திருத்தமும் சேர்ந்து வந்திருக்கு. இப்ப வண்டியில இருக்கிறது வேற பம்ப். 1.8ங்கிறது ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போற டீசல், மில்லிகிராம்ல. இந்த என்ஜினுக்கு சூடான ஐடிலிங்ல 2.2ல இருந்து 9 வரைக்கும் அனுமதி, 3ல இருந்து 5க்குள்ள இருந்தா சுகமா ஓடும்.

ஆனா முதல்ல பம்ப் டைமிங். கூலன்ட் 80 டிகிரி தாண்டினதும் பேசிக் செட்டிங்ஸ்ல குரூப் 000 போட்டு, விசிடிஎஸ்ல டீடிஐ டைமிங் கிராஃபைத் திறங்க. புள்ளி நடுக்கோட்டுப் பக்கம் இருக்கணும். விலகியிருந்தா பம்ப் பல்சக்கரத்துல இருக்கிற மூணு 13 போல்ட்டைத் தளர்த்தி துளி திருப்புங்க. நடுவுல இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்தவே கூடாது, அதைத் தொட்டா பம்போட அடிப்படை செட்டிங்கே போயிடும், பம்பை பெஞ்சுக்குத்தான் அனுப்பணும்.

டைமிங் சரியானதும் 01ல லாகின் 12233, அடாப்டேஷன் சேனல் 1. வேல்யூவைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி டெஸ்ட் அழுத்தி, 4 பக்கம் வந்ததும் சேவ். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப்ல இருக்கட்டும்.

அப்புறம் அந்த ஈசிஎம் உட்கார்ற இடம். வைப்பருக்குக் கீழே கண்ணாடி அடியில இருக்கிற பள்ளம்தானே? அதோட டிரெயின் ஓட்டை அடைச்சுத்தான் பழசு நனைஞ்சிருக்கும். வேப்பமரத்தடியில நிக்கிற வண்டின்னா ரெண்டே மழையில இலை மக்கிச் சேறா நிக்கும். பிளாஸ்டிக் மூடியைக் கழட்டி, கையை விட்டு அள்ளிட்டு, ஒரு மக் தண்ணி ஊத்துங்க. தேங்காம உடனே தரையில கொட்டணும். வயரிங் பக்கக் கப்ளர்லயும் பச்சை இருக்கான்னு பார்த்து கான்டாக்ட் கிளீனர் அடிச்சுக் காயவெச்சு மாட்டுங்க. பின் கரைஞ்சது ஈசிஎம் பக்கம்னா, எதிர்ப்பக்க டெர்மினலும் பாதி அரிச்சுத்தான் இருக்கும்.