ஆர்சனிக்: மெத்திலேற்றம் நஞ்சை முறிக்கிறதா, கூட்டுகிறதா?

கதிரவன்:
வங்கதேசக் குழாய்க்கிணறுகளின் ஆர்சனிக் பற்றிய இழையில் ஒருவர் "மெத்திலேற்றம் (உடல் ஆர்சனிக்கோடு மெத்தில் தொகுதிகளைச் சேர்ப்பது) நஞ்சு நீக்கம் என்பது பழங்கதை" என்று எழுதியிருந்தார். நான் உடன்படவில்லை. கிணற்றுநீரில் வரும் ஆர்செனேட் என்ற கனிம ஆர்சனிக்கின் பெரும்பகுதி உடலுக்குள் ஆர்செனைட் என்ற இன்னொரு கனிம வடிவமாக ஒடுங்குகிறது. கல்லீரலில் ஏ.எஸ்.3.எம்.டி. நொதி ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றி அதை எம்.எம்.ஏ. (ஒற்றை மெத்தில் ஆர்சனிக்) ஆக்குகிறது, இன்னொன்றை ஏற்றி டி.எம்.ஏ. (இரட்டை மெத்தில் ஆர்சனிக்) ஆக்குகிறது. சிறுநீரில் 60–80% டி.எம்.ஏ.தான், எம்.எம்.ஏ. 10–20%, மாறாத கனிம ஆர்சனிக் 10–20%. அந்த நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளில் ஆர்சனிக் உடலிலேயே தேங்குகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மலர்விழி:
வேகமாக வெளியேறுகிறது என்பதற்குத்தான் அது சான்று, கதிரவன். போகும் வழியில் என்ன ஆகிறது? எம்.எம்.ஏ.வின் மூவிணைதிற வடிவம் (ஆர்சனிக் அணு ஒடுங்கிய +3 நிலையில் உள்ளது) செல் வளர்ப்புச் சோதனைகளில் ஆர்செனைட்டைவிடக் கொடியது. புரதங்களின் கந்தகத் தொகுதிகளைப் பிடித்துக்கொண்டு நொதிகளை முடக்குகிறது. சிறுநீரில் எம்.எம்.ஏ. விகிதம் உயர்ந்தவர்களுக்குத் தோல் புண்ணும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் ஒரே திசையில் சொல்கின்றன. இன்னொன்று: மார்மோசெட் குரங்கும் சிம்பன்சியும் ஆர்சனிக்கை மெத்திலேற்றுவதே இல்லை; எல்லா உயிருக்கும் இந்தப் பாதை கட்டாயம் என்று சொல்ல முடியாது.

கதிரவன்:
அப்படியானால் கோளாறு முதல் படியில் நின்றுபோவதில்தான். இரண்டாம் படியை முடித்துவைத்தால் தீரும். அர்ஜென்டினாவின் சான் அந்தோனியோ தெ லோஸ் கோப்ரெஸ் மக்களிடம் எம்.எம்.ஏ. விகிதம் மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக ஆர்சனிக் நீர் குடித்த அந்த ஊரில் அதற்கேற்ற ஏ.எஸ்.3.எம்.டி. மரபணு வடிவம் பரவலாக இருக்கிறது. மெத்தில் தொகுதி கிடைக்க உதவுவது ஃபோலேட் என்ற பி வைட்டமின்; வங்கதேசத்தில் அது குறைந்தவர்களுக்கு 12 வாரம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் ரத்த ஆர்சனிக் சுமார் 14% இறங்கியது. போலி மாத்திரைக் குழுவில் 2% மட்டுமே.

மலர்விழி:
ஃபோலேட் "குறைந்தவர்களுக்கு" என்பதை விட்டுவிடாதீர்கள். இறங்கியது ரத்த அளவு; புண்ணோ புற்றுநோயோ குறைந்ததாக அந்தச் சோதனை காட்டவில்லை. மாத்திரையை நம்பி அதே கிணற்றில் குடிக்க விடுவது ஆபத்து. ஆர்சனிக் இல்லாத கிணற்றுக்கு மாறினால் கனிம ஆர்சனிக்கின் பெரும்பகுதி சில நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும்.

பகுப்பாய்வு_மாறன்:
இருவரும் விகிதத்தை வைத்து வாதிடுகிறீர்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று யாரும் கேட்கவில்லையே. 'மொத்த ஆர்சனிக் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம்' என்று இரண்டு அறிக்கைகள் இருக்கட்டும். முந்தின நாள் இறால் சாப்பிட்டவரிடம் அதில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைனாக இருக்கலாம். அது உடலில் மாறாமல் அப்படியே வெளியேறும், தீங்கில்லை. கிணற்றுநீர் குடித்தவரிடம் அதே 100 வேறு செய்தி. கடற்பாசியின் ஆர்சனிக் சர்க்கரைகள் இன்னும் குழப்புபவை, உடலில் டி.எம்.ஏ.வாகவே முடிகின்றன. அரிசியிலும் டி.எம்.ஏ. நேரடியாக உண்டு. கதிரவன் சார், டி.எம்.ஏ. உயர்ந்தால் மெத்திலேற்றம் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

எனவே மாதிரிக்கு முன் 4 நாள் மீன், இறால், கடற்பாசி கூடாது. பாலித்தீன் குப்பி போதும். அமிலம் சேர்க்காதீர்கள், வடிவங்கள் மாறிவிடும். உடனே குளிரவைத்து உறைநிலையில் வையுங்கள். அணுக்களை நிறையால் பிரித்து எண்ணும் கருவியில் (ஐ.சி.பி.-எம்.எஸ்.) ஆர்சனிக்கை அதன் நிறையான 75-இல் அளக்கும்போது சிறுநீரின் உப்பிலுள்ள குளோரின் 35, கருவியின் ஆர்கான் 40-உடன் சேர்ந்து அதே 75-இல் பொய்க் கணக்குக் காட்டும். இந்தப் பொய்க் கணக்கை நீக்கும் ஹீலியம் மோதல் அறை போன்ற வசதி இல்லாத கருவியின் எண்ணை நம்ப வேண்டாம். வடிவங்களைத் தனித்தனியாக்கும் பிரிப்புக் குழாயில் ஆர்செனைட்டும் ஆர்செனோபீட்டைனும் ஒட்டி வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக்குங்கள். வரைபடத்தில் அவற்றின் சிகரங்கள் விலகிவிடும்.

மலர்விழி:
சிறுநீரின் நீர்த்த தன்மையைச் சரிசெய்ய கிரியேட்டினின் அளவால் வகுக்கும் திருத்தத்தில் உள்ள சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாறன். கிரியேட்டினினுக்கு மூலமான கிரியேட்டினை உடல் தயாரிப்பதும், ஆர்சனிக்குக்கு மெத்தில் தொகுதி தரும் அதே வழங்கி மூலக்கூறைச் செலவழித்துத்தான். சத்துக் குறைந்தவர்களிடம் கிரியேட்டினினும் தாழ்ந்திருக்கும். அதால் வகுத்தால் ஆர்சனிக் மிகையாகத் தெரியும். நீர்த்த மாதிரிக்கு ஒப்படர்த்தித் திருத்தம் (நீரோடு ஒப்பிட்ட சிறுநீரின் அடர்த்தியை வைத்துச் செய்வது) மேல்.

கதிரவன்:
ஒப்படர்த்தி சரி. ஆனால் முதல் கேள்விக்கு என் பதில் மாறவில்லை: மெத்திலேற்றம் இல்லாத உடலில் ஆர்செனைட் தங்கும் நேரம்தான் கூடும். எம்.எம்.ஏ.வைப் பார்த்துப் பயந்து அந்தப் பாதையையே குறை சொல்லாதீர்கள்.

மலர்விழி:
பாதையைக் குறை சொல்லவில்லை. பாதி வழியில் எவ்வளவு தேங்குகிறது என்று அளக்காமல் அதை 'முறிவு' என்று எழுதாதீர்கள் என்கிறேன்.