கொரியப் படங்களில் துயரத்தின் நடுவே சிரிப்பு வருவது ஏன்?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். கொரிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவன் நான். அந்நாட்டு வரலாற்றிலும் பெரிதாகப் பயிற்சி இல்லை. 2020இல் ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற பிறகு, ஊரே பேசுகிறதே என்று 'பாரசைட்' பார்த்தேன். அதிலிருந்து அதன் இயக்குநர் போங் ஜூன் ஹோவின் பழைய படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'பாரசைட்' படத்தின் வெள்ளக் காட்சிக்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு உரை தேவையில்லை. மேட்டிலிருக்கும் பணக்கார வீட்டிலிருந்து அந்தக் குடும்பம் கொட்டும் மழையில் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி ஓடிவந்தால், பாதி நிலத்துக்கடியில் இருக்கும் அவர்களுடைய வீட்டில் சாக்கடை நீர் புகுந்திருக்கிறது. கறுப்புத் தண்ணீரைக் கக்கும் கழிப்பறைத் தொட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்து மகள் சிகரெட் பற்ற வைக்கிறாள். மறுநாள் பணக்கார வீட்டு அம்மாள், மழை பெய்ததால் காற்று தூய்மையாகிவிட்டதென்று காரில் இருந்தபடி தொலைபேசியில் மகிழ்ந்து பேசுகிறார். 2015 வெள்ளத்துக்குப் பின் பாய் தலையணைகளைத் தெருவில் உலர்த்தியவர்களுக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் வயிறு எரியும்.

என் ஐயம் வேறு. போங்கின் 'தி ஹோஸ்ட்' படத்தில் சிறுமியைப் பறிகொடுத்ததாக நம்பும் குடும்பம், அஞ்சலிக் கூடத்தில் ஒருவரையொருவர் இழுத்துத் தரையில் விழுந்து புரண்டு அழுகிறது. நான் சிரித்துவிட்டேன்; சிரித்ததற்காகக் கூசவும் செய்தேன். இந்தக் கலவை அவர்கள் வாழ்க்கையில் இயல்பாக இருப்பதா, இயக்குநர் திட்டமிட்டுச் செய்வதா, அல்லது அயலான் என்பதால் நான்தான் தவறான இடத்தில் சிரிக்கிறேனா? அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

நண்பரே, நீங்கள் சிரித்தது சிரிப்பதற்காகவே வைக்கப்பட்ட இடம். கூச்சமும் இயக்குநர் எதிர்பார்த்ததே. நம் பக்கத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. துயரம் முற்றிவரும் கட்டத்திலும் கட்டியங்காரன் புகுந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பான்; ராஜாவையும் விட்டுவைக்க மாட்டான். ஆனால் கட்டியங்காரன் கதைக்கு ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு சிரிக்க வைக்கிறான். போங்கின் படங்களிலோ சிரிப்புக்கு ஆளாகிறவரே அழவும் வேண்டியவராக இருக்கிறார். நமக்கு வரும் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) படத்தின் கொலைக்களக் காட்சி ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். வெட்டின்றி நீளும் ஒரே ஷாட். சாங் காங் ஹோ நடித்த துப்பறிவாளர், மண்ணில் பதிந்த காலடித் தடத்தைக் காக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறார். சிறுவர்கள் குறுக்கே ஓடுகிறார்கள். வேடிக்கை பார்க்க ஊரே வந்து நிற்கிறது. விசாரணைக்கு வரும் அதிகாரி சரிவில் சறுக்கி விழுகிறார். கடைசியில் ஒரு டிராக்டர் சாவகாசமாக வந்து அந்தத் தடத்தின்மேலேயே ஏறிப் போகிறது. ஒரு பெண்ணின் உடல் அருகில் கிடக்கும்போது நாம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் உறைக்கிறது.

அந்தப் படத்துக்கு அடிப்படை, 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகள். தொடக்க ஆண்டுகளில் தென் கொரியாவில் சுன் டூ ஹ்வானின் சர்வாதிகார ஆட்சி. இன்றிரவு கொலை நடக்கலாம் என்று அஞ்சி அதிகப் படையைக் கேட்கும்போது, எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்ற பதில் படத்தில் வருகிறது. காவலர்கள் அப்பாவி ஒருவனை அடித்து ஒப்புதல் வாக்குமூலத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் காட்சியும் நகைச்சுவையாகத்தான் தொடங்குகிறது. படம் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2019இல், வேறொரு கொலைக்காக ஆயுள் தண்டனையில் இருந்த ஒருவரே குற்றவாளி என்பதை டி.என்.ஏ. பரிசோதனை காட்டிக்கொடுத்தது. அவ்வழக்குகளுள் ஒன்றில் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்த இன்னொருவர் குற்றமற்றவர் என்று 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் அறிவித்தது. இதை அறிந்தபின் மறுபடி பார்த்தால், முதல் முறை சிரித்த இடங்கள் பலவற்றில் சிரிக்க மனம் வராது.

வில்லியனூர் ஆசிரியை:

முந்தைய பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும், நம் கைக்கு வந்து சேரும் சில படங்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் இயல்பையே முடிவு செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. திரைப்பட விழாக்களும் ஓடிடி நிறுவனங்களும் பழிவாங்கலையும் தொடர் கொலைகளையுமே பெரிதும் நமக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. அவற்றில் பெண்கள் எத்தனை முறை வெறும் சடலமாக மட்டும் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் இதனால் சலித்து நான் கொரியப் படங்களையே ஒதுக்கி வைத்திருந்தேன்.

என்னைத் திரும்ப இழுத்தவை இரண்டு. ஒன்று, லீ ஜோங் ஹ்யாங் என்ற பெண் இயக்குநரின் 'தி வே ஹோம்' (2002). நகரத்துச் சிறுவன் ஒருவன் வாய் பேசாத பாட்டியிடம் கிராமத்தில் விடப்படுகிறான். கடையில் விற்கும் பொரித்த கோழி வேண்டுமென்று அவன் சைகையில் கேட்க, பாட்டி மழையில் நனைந்தபடி உயிருள்ள கோழியை வாங்கிவந்து முழுதாக வேகவைத்துக் கொடுக்கிறாள். பையன் தட்டைப் பார்த்துக் கதறுகிறான். இங்கேயும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே இருக்கின்றன, கொலைதான் இல்லை. பாட்டியாக நடித்தவர் அதற்கு முன் நடித்தறியாத கிராமத்து மூதாட்டி.

மற்றொன்று, லீ சாங் டாங் இயக்கிய 'சீக்ரெட் சன்ஷைன்' (2007). மகனைக் கொன்றவனை மன்னிப்பதற்காகச் சிறைக்குப் போகிறாள் தாய். அவனோ, கடவுள் தன்னை ஏற்கெனவே மன்னித்துவிட்டார் என்று மலர்ந்த முகத்தோடு சொல்கிறான். அந்தத் தாயாக நடித்த ஜியான் டோ யியானுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. லீ சாங் டாங் நாவலாசிரியராக இருந்து இயக்குநரானவர். 2003இல் அந்நாட்டின் பண்பாட்டுத் துறை அமைச்சராகவும் ஆனவர். இந்தப் படத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லது. நடுவில் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் கோபம் வரும்.

பழைய புரொஜக்டர் (புதுச்சேரி):

ஊரில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தின் தயவில் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அயல்நாட்டுக் கலைப்படம் என்றால் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. கொரியர்கள் விழாவுக்கென்று ஒரு படம், கொட்டகைக்கென்று ஒரு படம் என்று பிரித்துக்கொள்ளாததே என்னை முதலில் ஈர்த்தது. அதற்குத் திறமை மட்டும் காரணமன்று. திரைப்படங்களுக்கான முன்தணிக்கை அரசியலமைப்புக்கு எதிரானது என்று அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பூசான் திரைப்பட விழா தொடங்கியதும் அதே ஆண்டு. ஒவ்வொரு திரையரங்கும் ஆண்டில் 146 நாள்வரை உள்நாட்டுப் படங்களைத் திரையிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. அமெரிக்காவுடனான வணிகப் பேச்சையொட்டி 2006இல் அதை 73 நாளாகக் குறைத்தபோது நடிகர்களும் இயக்குநர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ராணுவ ஆட்சிக்கால மாணவர் போராட்டங்களைக் கண்ணால் கண்ட தலைமுறை, கையில் காமிரா கிடைத்த வேளையில் அரங்கமும் சுதந்திரமும் சேர்ந்து கிடைக்கப்பெற்றது. போங் யோன்செய் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு: பின்னோக்கிப் போய் கிம் கி யங்கின் 'தி ஹவுஸ்மெய்ட்' (1960) பாருங்கள். இசை ஆசிரியர் ஒருவரின் மாடி வீடு, வேலைக்கு வரும் பெண், நடுவில் ஒரு படிக்கட்டு. 'பாரசைட்' எடுக்கும்போது இந்தப் படம் தனக்குத் தூண்டுதலாக இருந்ததைப் போங்கே சொல்லியிருக்கிறார். கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தன் யூடியூப் பக்கத்தில் பழைய படங்கள் பலவற்றை ஆங்கிலத் துணையுரையோடு இலவசமாக வைத்திருக்கிறது. இதுவும் அவற்றுள் ஒன்று.

கெடிலக்கரை (கடலூர்):

மூவருக்கும் நன்றி. 'தி வே ஹோம்' படத்தை வீட்டில் அம்மாவுடன் பார்க்கப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கவேண்டும்: 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' முடிவில் அந்தக் காவலர் நேராகக் காமிராவைப் பார்க்கிறாரே, அதற்கும் கொரியப் படங்களில் முன்னோடி உண்டா?

பழைய புரொஜக்டர் (புதுச்சேரி):

'தி ஹவுஸ்மெய்ட்' முடிவிலும் அப்படி ஒரு பார்வை உண்டு, ஆனால் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லமாட்டேன். இரண்டின் நோக்கமும் வேறு. கொலையாளி என்றாவது ஒரு நாள் திரையரங்கில் உட்கார்ந்து இதைப் பார்ப்பான், அவன் கண்ணை அந்தக் காவலர் சந்திக்கவேண்டும் என்று கருதியே போங் அந்தப் பார்வையை வைத்தார். 'தி ஹவுஸ்மெய்ட்' படத்தின் கடைசியிலும் கதாநாயகன் காமிராவைப் பார்த்துப் பேசுகிறான், ஆனால் சிரித்துக்கொண்டே, உங்களுக்கும் இப்படி நேரலாம் என்று ஆண்களை எச்சரிக்கிறான். அத்தனை பயங்கரத்துக்குப் பிறகு வரும் அந்தச் சிரிப்பு உங்கள் முதல் கேள்விக்கு 1960இலேயே கிடைத்த சான்று. எலி மருந்துக்கு அந்தப் படத்தில் பெரிய வேலை உண்டு. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போட்டுப் பாருங்கள்.