ஏசி வென்ட்டைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி, நனைந்த துணி வாடை: டக்ட் கிளீனிங் தேவையா? (ஹூஸ்டன்)

கேட்டிவாசி:
வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். 2006-ல் கட்டிய வீடு, ஏசி யூனிட், டக்ட் (குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாய்) எல்லாம் மேலே ஆட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலிருக்கும் பரண்). ஜூன் பிறந்ததிலிருந்து இரண்டு படுக்கையறைகளிலும் காற்று வரும் சீலிங் வென்ட்டைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் வருகின்றன. துடைத்தால் போய்விட்டுத் திரும்ப வருகின்றன. காலையில் ஏசி ஓடத் தொடங்கியதும் நனைந்த துணி வாடை வேறு. மகளுக்கு வீட்டுக்குள் எப்போதும் மூக்கடைப்பு, வெளியூர் போனால் சரியாகிவிடுகிறது. 99 டாலர் விளம்பரம் பார்த்து ஒரு டக்ட் கிளீனிங் ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே முழுக்கப் பூஞ்சை, மருந்து அடிக்க வேண்டும், 2,400 டாலர் ஆகும் என்கிறார். தெர்மோஸ்டாட் 72 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது, காற்று சுற்றட்டும் என்று ஏசி ஃபேன் எப்போதும் ஆன். கொடுக்கலாமா?

ஆட்டிக் அண்ணாச்சி:
இப்போதைக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். முதலில் பத்துப் பதினைந்து டாலருக்கு ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள், வென்ட்டுக்கு நேர் கீழே வேண்டாம். வீட்டுக்குள் 72 டிகிரி, ஈரப்பதம் 65% என்றால் ட்யூ பாயின்ட், அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, கிட்டத்தட்ட 60 டிகிரி. வென்ட்டில் வருகிற காற்று 55 அளவில் இருக்கும், அந்தக் குளிரில் இருக்கிற வென்ட் மூடியான கிரில்லின் மேல் உங்கள் வீட்டுக் காற்றே தண்ணீராகப் படியும், குளிர்ந்த மோர்ச் சொம்பு வியர்க்கிற மாதிரிதான். அந்த ஈரத்தில் தூசி ஒட்டும், தூசியைத் தின்று பூஞ்சை வளரும். அதே 72-ல் ஈரப்பதம் 50% என்றால் ட்யூ பாயின்ட் 52-க்கு இறங்கிவிடும், கிரில் வியர்க்காது. டக்ட்டை எத்தனை முறை கழுவினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஃபேனை இன்றைக்கே ஆட்டோவுக்கு (குளிரவைக்கும்போது மட்டும் ஓடும்) மாற்றுங்கள். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், காற்றைக் குளிரவைக்கும் காயிலில் தங்கியிருக்கும் தண்ணீர் வடிகால் குழாய்க்குப் போகாமல் ஆவியாகி மறுபடி டக்ட் வழியாக வீட்டுக்குள்தான் வருகிறது. குளிர் போதவில்லை என்று 68-க்கும் இறக்காதீர்கள், சுவரும் கிரில்லும் இன்னும் குளிர்ந்து இன்னும் வியர்க்கும்.

அப்புறம் ஒரு வென்ட் கிரில்லைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் தகரப் பெட்டிக்கும் சீலிங் பலகையான ஷீட்ராக்குக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், ஆட்டிக்கின் ஈரக்காற்று அது வழியாக வந்து தகரத்தில் படுகிறது. ஹூஸ்டன் கோடையில் வெளியே ட்யூ பாயின்ட் 75 டிகிரி என்பது சர்வசாதாரணம். இடைவெளியைக் கால்க் பசை வைத்து அடைப்பது ஒரு மதிய வேலைதான். மதியம் என்று சொன்னேனே தவிர ஆட்டிக்கில் ஏறுகிற வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலேறினால் அங்கே 130 டிகிரி.

சுகர்லேண்ட் மீனா:
அண்ணாச்சி சொல்வதோடு அடுக்களையையும் பாருங்கள். இங்கே நிறைய வீடுகளில் அடுப்புக்கு மேலிருக்கும் ஹூட் காற்றை வெளியே தள்ளுவதில்லை, ஜல்லடை வழியாக இழுத்துத் திரும்ப நம் முகத்திலேயே விடுகிறது. இட்லிப் பானை, குக்கர், ரசம் கொதிக்கிற ஆவி எல்லாம் வீட்டுக்குள்ளேதான். துணியை வீட்டுக்குள் காயப்போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பாத்ரூம் ஃபேனைக் குளித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், ஆனால் அதன் குழாய் வெளியே போகிறதா, ஆட்டிக்கிலேயே முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாப்பாவின் மூக்கடைப்புக்குப் பூஞ்சைதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஈரப்பதம் 50%-க்கு மேலேயே நின்றால் மெத்தையில் டஸ்ட் மைட் என்கிற தூசிப்பூச்சி பெருகும், எங்கள் பையனுக்கு அலர்ஜி டெஸ்ட்டில் வந்தது அதுதான். டாக்டரிடம் கேளுங்கள், மெத்தை தலையணைக்கு உறை போடுங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த தோல் செருப்பு, பட்டுப்புடவை எல்லாம் பூத்துப்போனது. ஏசியே ஓடவில்லை, டக்ட்டை எப்படிக் குறை சொல்வது?

கேட்டிவாசி:
மிக்க நன்றி. மீட்டர் வாங்கி வைத்தேன். பகலில் 58%, இரவில் 67% காட்டியது. ஃபேனை ஆட்டோவுக்கு மாற்றிய பிறகு இரவில் 61 வரை இறங்கியிருக்கிறது. ஆட்டிக்கில் ஏறிப் பார்த்தால் வீட்டுக் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் டக்ட் யூனிட்டோடு சேரும் இடத்தில் பழைய துணி டேப் உரிந்து தொங்குகிறது. சரி, அப்படியானால் கிளீனிங்கே ஏமாற்று வேலைதானா?

பேர்லேண்ட் பெரியசாமி:
எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈ.பி.ஏ., வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலையாக டக்ட் கிளீனிங்கைப் பரிந்துரைப்பதில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியும்படி நிறையப் பூஞ்சை, எலி அல்லது பூச்சி, அடைக்கிற அளவு தூசி, இப்படி இருந்தால் செய்யச் சொல்கிறது. செலவும் ஒரு சிஸ்டத்துக்குச் சுமார் 450-லிருந்து 1,000 டாலர் என்றுதான் போட்டிருக்கிறது, 99-ம் இல்லை, 2,400-ம் இல்லை. டக்ட்டின் உள்பக்கம் ஃபைபர்கிளாஸாக இருந்து அது நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் கழுவிப் பயனில்லை, அந்தத் துண்டைக் கழற்றிப் புதிது போட வேண்டும். மருந்து அடிக்கிறேன் என்பவரிடம் பாட்டில் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

டெக்ஸாஸ் சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். பூஞ்சை 25 சதுர அடிக்கு மேல் தொடர்ச்சியாகப் பரவியிருந்தால் மாநில லைசென்ஸ் துறையான டி.டி.எல்.ஆர். கொடுத்த லைசென்ஸ் உள்ளவர்தான் பொதுவாக அதைக் கையாள வேண்டும். அந்த லைசென்ஸ் வேலையில், பூஞ்சை இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறவரே அதை அகற்றும் வேலையையும் எடுக்கக் கூடாது. டார்ச் அடித்த கையோடு பில் போடுகிறவரை நம்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிக் அண்ணாச்சி:
ரிட்டர்னில் லீக்கா, முதல் குற்றவாளி மாட்டிவிட்டான். ஃபேன் ஓடும்போதெல்லாம் அந்த ஓட்டை ஆட்டிக்கின் சூடான ஈரக்காற்றை உறிஞ்சி வீடு முழுக்க விநியோகிக்கிறது. தூசியும் இன்சுலேஷன் துகளும் கூடவே வரும், பாப்பா மூக்குக்கும் அது நல்லதில்லை. டக்ட் டேப் என்று கடையில் விற்கிற துணி டேப்பை மட்டும் ஒட்டாதீர்கள், பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது டக்ட்டில் நிற்காது என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-லேயே சோதித்துக் காட்டிவிட்டது. பிரஷ்ஷால் பூசுகிற மாஸ்டிக் பசை, இல்லையென்றால் டக்ட்டுக்கான யூ.எல். 181 தர முத்திரை போட்ட ஃபாயில் டேப்.

மேலே போகும்போது வளையும் ஃப்ளெக்ஸ் டக்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள், ஒட்டிய இடம் வெளிப்பக்கம் வியர்க்கும். ஃபில்டரை மெர்வ் 13-க்கு (எண் கூடக் கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) மாற்றுகிற ஆசை வரும், ஒரு அங்குல ஃபில்டரில் அது காற்றை இறுக்கிவிடலாம், 8-லிருந்து 11 போதும்.

இதெல்லாம் செய்தும் இரவில் 60%-க்குக் கீழே வரவில்லை என்றால் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் பற்றிப் பேசலாம். யூனிட் எத்தனை டன், வீடு எத்தனை சதுர அடி?

கேட்டிவாசி:
நாலு டன். 1,650 சதுர அடி. முந்தைய ஓனர் மாற்றியது.

ஆட்டிக் அண்ணாச்சி:
பெரிசாகத் தெரிகிறது. சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள், பத்து நிமிடத்துக்குள்ளாகவே நின்று நின்று ஓடினால் அறையைக் குளிரவைத்துவிட்டு ஈரத்தை எடுக்காமலே ஓய்ந்துவிடுகிறது என்று அர்த்தம். லீக்கை அடைத்துவிட்டு அந்த நேரக் கணக்கை இங்கே போடுங்கள்.