‘ஹப்’ எல்லாம் மையமா? ‘கடல்வடச் சந்தி’ என்றொரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

> ரீஜனல் இன்டர்நெட் ஹப்: வட்டார இணைய மையம்

பல நாடுகளின் இணையத் தடங்கள் வந்து கூடும் சிங்கப்பூர் போன்ற இடத்தைக் குறிக்கும் ‘ரீஜனல் இன்டர்நெட் ஹப்’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட தமிழாக்கம் இது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மையம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். டேட்டா சென்டர் ‘தரவு மையம்’ ஆகிவிட்டது. பிரவுசிங் சென்டருக்கும் ‘இணைய மையம்’ என்றுதான் பலகை வைக்கிறார்கள். சிங்கப்பூரை வட்டார இணைய மையம் என்று எழுதினால், பத்துக் கணினி போட்ட கடைதான் மனத்தில் வரும்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும்: வடம் (கேபிள்) கரையேறும் இடம் ஒன்று, பல வடங்கள் கூடும் இடம் இன்னொன்று. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கும் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) வேறு ஏழு தீவுகளுக்கும் ஏறக்குறைய 2,300 கி.மீ. கடலடி வடம் போய்ச் சேர்ந்தது. அங்கே வடம் கரையேறுகிறது, தீவுக்கு இணையம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதனால் லேண்டிங் ஸ்டேஷனுக்குக் ‘கரையேறு நிலையம்’ போதும். ‘தரையிறங்கு நிலையம்’ வேண்டாம், தரையிறங்குவது விமானம். இங்கே மும்பையில் வெர்சோவா மணலுக்கடியில் வடங்கள் வந்து சேர்வதும் கரையேறுவதுதான்.

சிங்கப்பூர் வேறு. பல திசை வடங்கள் அங்கே கூடுகின்றன. ஒன்றில் வந்த தரவு இன்னொன்றுக்கு மாறிப் போகிறது. தரவு மையங்கள் அங்கே குவிவதற்கும் அது ஒரு காரணம். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே வடங்கள் அறுந்தபோது நான் மும்பை அந்தேரியில் வேலையில் இருந்தேன். மேற்கே போக வேண்டிய போக்குவரத்தில் ஒரு பகுதியைக் கிழக்கே சுற்றவிட்டுத்தான் சமாளித்தார்கள். அப்படித் திருப்பிவிடத் தோதான இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

வண்டி மாறும் ஊருக்கு ரயில்வேயில் சொல் இருக்கிறது: விழுப்புரம் சந்திப்பு, திருநெல்வேலி சந்திப்பு. ஆனால் ‘இணையச் சந்திப்பு’ என்றால் இன்று எல்லாருக்கும் ஜூம் கூட்டம்தான். ‘துறைமுகம்’ என் முதல் ஆசை. கணினி போர்ட்டுக்குத் ‘துறை’ புழங்குவதால் மனமில்லாமல் அதை விட்டேன்.

சரி, ‘சந்தி’? முச்சந்தி, நாற்சந்தி சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழிகள் கூடுவதும் பிரிவதும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஜங்ஷனை இன்றும் சந்தி என்றே சொல்கிறார்கள். ‘சந்தி சிரிக்கும்’ என்ற வழக்கை நினைத்துச் சிலர் தயங்கலாம். அங்கேயும் சந்தி என்பது நாலு பேர் கூடும் இடம்தான். இழிவு சிரிப்பில்தான் இருக்கிறது.

ஆகவே ‘கடல்வடச் சந்தி’. தீவாக இருந்தால் ‘தீவுச் சந்தி’. ‘வடச் சந்தி’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், வடக்குச் சந்தி என்று படித்துவிடுவார்கள். உங்கள் கட்டுரைகளில் இட்டுப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று அந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.