1971-ல் இறந்த தாத்தாவுக்கு இறப்புச் சான்றிதழ்: எங்கே தேடுவது?

வடவாற்றுக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர், பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்னக் கிராமம். ஏழு மா நிலம், பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். அப்பா 2019-ல் தவறிவிட்டார், அவருடைய சான்றிதழ் இருக்கிறது. அத்தைகள் இரண்டு பேர், கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகரவில்லை. அந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் வாங்கி வைத்தார்கள்?

சரியான தேதி யாருக்கும் தெரியாது. திதி தெரியும். கார்த்திகை மாதம் தேய்பிறை ஏகாதசி, வருஷம் தவறாமல் கொடுக்கிறோம். வருடம் 1971 என்பதற்குப் பெரிய அத்தைதான் சாட்சி. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பங்களாதேஷ் சண்டை நடந்துகொண்டிருந்ததாம். சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் டீக்கடை ரேடியோவைச் சுற்றித்தான் நின்றார்கள் என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார்.

ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். 1971 டிசம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அந்தப் பெயரில் யாரும் இல்லைம்மா" என்றார்கள். எழுதித் தரவில்லை, வாயால் சொன்னதோடு சரி. தாத்தாவின் பத்திரப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று பார்க்கிறேன். ஊரில் அவரைச் சின்னத்தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று, இது என் சொந்த ஆசை. எதனால் இறந்தார் என்று அதில் இருக்குமா? பாட்டி கடைசி வரை "வயிற்று வலி" என்றே சொன்னார். அத்தை "காலரா" என்கிறார். இதை வைத்து வீட்டில் ஐம்பது வருடமாகச் சண்டை.

டிஜிட்டல் தம்பி:

அக்கா, இதற்கு எதற்கு அலைகிறீர்கள்? பிறப்பு இறப்புப் பதிவுக்கு அரசாங்கத் தளமே இருக்கிறது. பெயரும் தேதியும் போட்டால் பிடிஎஃப் வந்துவிடும். எங்கள் பெரியப்பாவுக்குப் போன வருடம் அப்படித்தான் எடுத்தேன்.

ரெக்கார்டு ரூம் (ஓய்வு):

தம்பி, உங்கள் பெரியப்பா காலமானது எப்போது? அந்தத் தளத்தில் கிடைப்பது சமீப வருடங்களின் பதிவு. 1971-க்கு இன்னும் தூசியும் தும்மலும்தான் வழி.

அம்மா, நான் முப்பத்தோரு வருடம் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன். முதலில் ஒன்று சொல்லுங்கள். தாத்தாவுக்கு உயிர் போனது வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? சாவு எந்த எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். குடியிருந்த ஊர் கணக்கில் வராது. கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால், உடலை ஊருக்குக் கொண்டுவந்து எரித்திருந்தாலும் பதிவு கும்பகோணத்தில்தான். அது அப்போது நகராட்சி, 2021 முதல் மாநகராட்சி. கிராமத்துப் பதிவேட்டை நூறு தடவை புரட்டினாலும் கிடைக்காது. என்னிடம் வந்து ஏமாந்து போனவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்.

வீட்டில்தான் என்றால் கிராமப் பதிவேடு. 1980-ல் பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியை ஒழிக்கும் வரை உங்கள் பக்கத்தில் அதை எழுதியது பட்டாமணியார். கிராம நிர்வாக அலுவலர் அதற்குப் பிறகு வந்தவர். அவரிடம் போய் 71-ஐக் கேட்டால் பாவம், அவர் என்ன செய்வார்? கிராமப் பதிவேடுகள் தாலுகா அலுவலகத்துக்குப் போகும், பழையவை சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ச் சேரும்.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதில்தான் சிக்கல். உங்கள் பழைய ஜில்லாவே 1991-ல் நாகை, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று உடைந்துகொண்டே வந்தது. புது அலுவலகம் திறக்கும்போது கிராமங்களும் கை மாறும். பதிவேடு கூடவே போயிருக்கலாம், பழைய இடத்திலேயே கிடக்கவும் கிடக்கலாம். ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஊரில் 1970 வாக்கில் எழுதிய கிரயப் பத்திரம் யாரிடமாவது இருக்கும். அதன் பின்பக்க முத்திரையைப் பாருங்கள். அப்போது உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பது அதில் தெரியும். இன்றைய அலுவலகம், முத்திரையில் உள்ள அலுவலகம் இரண்டிலும் மனுக் கொடுங்கள்.

அப்புறம் தேதி. விரோதிகிருது வருடத்துக் கார்த்திகை தேய்பிறை ஏகாதசி என்றால் 1971 டிசம்பர் 13 அல்லது 14 என்று வரும். சண்டை 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி முடிந்தது. உங்கள் அத்தையின் ஞாபகம் தங்கம்! ஆனால் பதிவேடு சாவு நடந்த தேதி வரிசையில் இருக்காது, எழுதிய தேதி வரிசையில் இருக்கும். வெட்டியானோ தலையாரியோ வந்து சொன்ன பிறகுதான் பட்டாமணியார் பேனாவை எடுப்பார். மாதக் கடைசி அறுவடைக் கடைசியாகிவிடும். டிசம்பரோடு மூடிவிட்டால் எப்படிக் கிடைக்கும்? 1972 மார்ச் வரை தேடச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். கேட்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் தேடுகூலி உண்டு, சின்னத் தொகைதான்.

பெயரையும் இரண்டாக எழுதுங்கள். பத்திரப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிட்ட பெயர் ஒன்று. சாவைச் சொல்ல வந்தவனுக்குப் பத்திரப் பெயர் எப்படித் தெரியும்? பெண்களாக இருந்தால் இன்னும் மோசம், "இன்னார் பெண்சாதி" என்று மட்டும் எழுதிய பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணம் பதிவேட்டில் இருக்கும், ஆனால் உங்கள் கைக்கு வரும் நகலில் இருக்காது. 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படி. இறப்புக்கான காரணத்தை நகலில் காட்டக் கூடாது.

சேலத்து மருமகன்:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால் அடுத்தது என்ன என்று நான் சொல்கிறேன், பட்ட அனுபவம்.

வாய் வார்த்தையாக "இல்லை" என்றால் விடாதீர்கள். பதிவு இல்லை என்று படிவம் 10-ல் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. சாவு நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால்தான் புதிதாகப் பதிவு செய்வார்கள். முன்பு அது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கோர்ட். 2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தச் சட்டப்படி கலெக்டர், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), அல்லது கலெக்டர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்.

மாமியாரின் அப்பாவுக்காக நாங்கள் ஏறியது கோர்ட் காலத்தில். சாட்சிகள் இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, ஒருவருக்குக் காது கேட்காது. "செத்தது எப்போது?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறார். கடைசியில் காப்பாற்றியது டிரங்குப் பெட்டி அடியில் கிடந்த கருமாதிப் பத்திரிகை. அதில் பதினாறாம் நாள் தேதி அச்சாகியிருந்தது, அதிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் துழாவிப் பாருங்கள். பழைய மொய் நோட்டு இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

வடவாற்றுக்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கிடைத்துவிட்டது!

வீட்டில்தான் இறந்தார். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் 1968-ஆம் வருடப் பத்திரம் ஒன்று இருந்தது. முத்திரையைப் பார்த்தால் நான் போன அலுவலகமே இல்லை, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி வேறொன்று. அங்கே போய், ஐயா சொன்னபடியே இரண்டு பெயரும், 1972 மார்ச் வரை என்றும் எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் வரச் சொன்னார்கள்.

அந்த அம்மாள் பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்திருந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்துப் பக்கம் பழுப்பேறியிருந்தது. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் எல்லாம் தலைகீழ். பதிந்த தேதி 4-1-72. இறந்த தேதி 13-12-71. பெயர் "சின்னத்தம்பி", அவ்வளவுதான், பத்திரப் பெயரின் நிழல்கூட இல்லை. அப்பா பெயரும் கிராமமும் சரியாக இருந்ததால் அவர் என்று தெரிந்தது. வயது 55. தகவல் சொன்னவர் இடத்தில் வெட்டியான் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மை இன்னும் ஊதாவாகவே இருக்கிறது.

அதற்கு அடுத்த கட்டத்தை நான் தலைகீழாகவே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கவனித்துவிட்டார். மூடவும் இல்லை, திருப்பிக் காட்டவும் இல்லை. கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "வாந்தி பேதி" என்று இருந்தது.

நகலில் அது இல்லை, ஐயா சொன்னதுபோலவே. அன்று ராத்திரி அத்தைக்குப் போன் செய்தேன். "நான் அப்பவே சொன்னேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காலரான்னு தெரிஞ்சா வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க, அதான் அம்மா மறைச்சிருக்கு" என்றார். பாட்டியைப் பற்றி அத்தை இப்படிப் பரிந்து பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது பட்டாவில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று 'ஒன் அண்ட் சேம்' சான்று கொண்டு வரச் சொல்கிறார்கள். அதற்குத் தனியாகக் கேள்வி போடுகிறேன். ஐயா, அங்கேயும் வந்துவிடுங்கள்.