காப்பித் தோட்டத்து மண் அணை: கரையடியில் ஊற்று, என்ன செய்வது?

கேள்வி: சேர்வராயன்_காப்பி

வணக்கம். ஏற்காடு பக்கம் எங்கள் தோட்டத்தில் ஓடைக்குக் குறுக்கே பழைய மண் கரை ஒன்று இருக்கிறது. பட்டா நிலம்தான். உயரம் 5.5 மீட்டர், நீளம் 70, மேல் அகலம் 2 மீட்டர். உள்சரிவு (தண்ணீர்ப் பக்கம்) சுமார் 2:1, அதாவது கிடையாக 2க்கு உயரம் 1; வெளிச்சரிவு 1.5:1. நிரம்பினால் ஒரு ஏக்கர் பரப்புக்குத் தண்ணீர் நிற்கும். மேலே சுமார் 40 ஏக்கர் மழைநீர் இதற்குள்தான் வருகிறது.

கரைக்கு அடியில் 6 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போகிறது, வால்வு வெளிப்பக்கம். குழாய் வாய்க்கு ஒரு மீட்டர் இடப்பக்கம் கரையடியில் 2க்கு 3 மீட்டர் அளவில் ஈரம், கோரை முளைத்திருக்கிறது. நடுவில் அரை அங்குலக் குழாய் அளவுக்குத் தண்ணீர் வருகிறது. தெளிவாகத்தான் தெரிகிறது, மழைக்குப் பிறகு லேசாகச் சிவக்கும். கலிங்கு (மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் வாய்) 1.5 மீட்டர் அகலம், அதன் தளம் கரை உச்சிக்கு 60 செ.மீ. கீழே. கோடைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் வாயில் 40 செ.மீ. மணல் மூட்டை அடுக்கியிருக்கிறோம், மீன் போகாமல் வலையும் உண்டு.

ஊற்று வரும் இடத்தில் கான்கிரீட் போட்டு அடைத்துவிடலாமா, இல்லை உள்ளே பண்ணைக்குட்டை ஷீட் விரிக்கலாமா? கரையில் நாலைந்து சில்வர் ஓக் மரங்கள் உள்ளன, வெட்டலாமா? குழாய்க்கு நேர் மேலே கரை உச்சி ஒரு சாண் இறங்கியிருக்கிறது, அதை மண் கொட்டிச் சரிசெய்துகொள்கிறோம்.

பதில் 1: மண்ணியல்_பொறியாளர்

சார், கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னதுதான் இதில் பெரிய விஷயம். குழாய்க்கு நேர் மேலே கரை இறங்குகிறது, குழாய் அருகே ஊற்று வருகிறது, மழைக்குப் பின் சிவக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குழாயை ஒட்டி மண் உள்ளுக்குள் அரித்துப் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே மண் கொட்டினால் பள்ளம் மறையும், உள்ளே இருக்கும் பொந்து மறையாது.

வால்வு வெளிப்பக்கம் இருப்பதால் கரைக்குள் போகிற குழாய் முழுவதும் எந்நேரமும் அழுத்தத்தில் நிற்கிறது. ஆறு மீட்டர் துண்டுகளை இணைத்துப் போட்டிருப்பார்கள். ஒரு இணைப்பு துருப்பிடித்தால் போதும், தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சுற்றிலுமுள்ள மண்ணைக் கரைக்கும். அதனால்தான் வால்வை உள்பக்கம் வை என்கிறோம்.

கான்கிரீட் வேண்டவே வேண்டாம். வெளியே அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நீங்கள் பார்க்காத வேறொரு இடத்தில் கிளம்பும். தடுப்பதானால் உள்பக்கம் தடுக்க வேண்டும்; வெளிப்பக்கத்தில் தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். கோரையை அறுத்துவிட்டு, ஈரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்து 4க்கு 5 மீட்டருக்கு முதலில் 30 செ.மீ. கழுவிய பருமணல், மேலே 20 செ.மீ. 6 முதல் 12 மி.மீ. சிப்ஸ், அதற்கு மேல் 30 செ.மீ. 40 மி.மீ. ஜல்லி. மணல் மட்டும் 2 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) கொஞ்சம் மேல் பிடிக்கும். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் கூடாது, அந்தத் தூள் வடிகட்டியையே அடைத்துவிடும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் கழுவியதாக இருக்க வேண்டும்.

ஊற்று எங்கிருந்து வருகிறது பார்க்கலாம் என்று ஜேசிபி விட்டுக் கரையடியைத் தோண்டிவிடாதீர்கள். தண்ணீர் நிற்கும்போது அடியைத் தோண்டுவதைப் போல ஆபத்து வேறில்லை.

ஷீட்டும் உதவாது. கசிவு குழாய் வழியே. தண்ணீர் இறங்கும்போது பின்னால் தங்கிய ஈரம் ஷீட்டை உப்பித் தூக்கிவிடும்.

இன்றே பார்க்க வேண்டியது இரண்டு: ஊற்று நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஆட்டாமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அடியில் மண் படிகிறதா என்று பாருங்கள். 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று குறித்து, அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி பெரிதாகிறது என்று பொருள். விநாடிக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வாளி சரிவராது, 90 பாகையில் V வடிவமாக வெட்டிய தகரத் தடுப்பு வையுங்கள். வெட்டில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர்.

பதில் 2: கலிங்கடி

ஊற்றைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் மூட்டையைப் பற்றி.

40 ஏக்கர் என்றால் 16 ஹெக்டேர். மணிக்கு 100 மி.மீ. மழை, அதில் பாதி ஓடி வந்தால் விநாடிக்கு 2.2 கனமீட்டர். உங்கள் கலிங்கில் மூட்டைக்கு மேல் மிச்சமிருப்பது 20 செ.மீ. கரை உச்சி வரை ஏறினாலும் அது வழியாகப் போவது 0.23 கனமீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு. மிச்சம் கரைமேல்தான் வழியும். இறங்கிய அந்த ஒரு சாண் இடத்தில்தான் முதலில் வழியும். வெளிச்சரிவும் 1.5:1, செங்குத்து. வழிய ஆரம்பித்த மண் கரை நிற்காது.

மூட்டையை எடுத்தாலும் 1.2 கனமீட்டர்தான். 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் இருந்தால் 2.4 வரும். அகலப்படுத்துவதானால் கரைக்குள் வெட்டாமல் பக்கத்து இயற்கை மேட்டுக்குள் வெட்டுங்கள். வலையை எடுங்கள், காப்பிச் சருகு ஒரே மழையில் அதைச் சுவராக்கிவிடும்.

சேர்வராயன்_காப்பி

நன்றி. மூட்டை, வலை இரண்டும் எடுத்தாச்சு. வாளி நிரம்ப 55 விநாடி. பாட்டிலில் அடியில் சிவப்பாக மெல்லிய படிவு நிற்கிறது. வால்வைத் திறந்து தண்ணீரை இறக்கட்டுமா?

பதில் 3: மண்ணியல்_பொறியாளர்

படிவு நிற்கிறதென்றால் கரை மண் வெளியே வருகிறது. தண்ணீரை இறக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த வால்வைத் தொடாதீர்கள். துருப்பிடித்த குழாயில் வேகமாக ஓடவிட்டால் இணைப்பு முழுதாக விட்டுப்போகலாம்.

சைபன் போடுங்கள், அதாவது கரைமேல் ஏறி இறங்கித் தானாகத் தண்ணீர் இழுக்கும் குழாய். 110 மி.மீ. எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் 40 மீட்டர், உள்வாயில் ஃபுட் வால்வு (தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது), கீழ் முனையில் கேட் வால்வு, கரை உச்சியில் மூடியுள்ள டீ (T வடிவ இணைப்பு). கீழ் வால்வை மூடி, டீ வழியாகத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிவிட்டுக் கீழே திறந்தால் ஓடும். வெளிமுனை கரையடிக்குப் பத்து மீட்டர் தள்ளிக் கல்மேல் விழட்டும். மூன்று மீட்டர் இறக்கம் கிடைத்தால் விநாடிக்கு 15 லிட்டருக்கு மேல் வரும். ஏற்காட்டு உயரத்தில் நீர்மட்டத்திலிருந்து குழாய் உச்சி 5 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே போனால் காற்று பிரிந்து நின்றுவிடும்.

சாதாரணமாக நாளுக்கு 20 செ.மீ.க்கு மேல் இறக்கக் கூடாது, உள்சரிவு ஈரத்தோடு சரியும். ஊற்று கலங்கி, பெருகிக்கொண்டே வந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்: உள்சரிவு சரிந்தால் கட்டிக்கொள்ளலாம். அந்த நிலையில் கரைமேல் யாரும் நிற்க வேண்டாம். கீழே லைன் வீடுகளோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) சாலையோ இருந்தால் முதலில் ஆட்களை நகர்த்திவிட்டு 1077க்கு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, சொல்லுங்கள்.

மரம்: கை மணிக்கட்டுப் பருமன் வரை உள்ளதை இப்போதே தரையோடு அறுக்கலாம். பெரிய ஓக்கை அறுத்துவிட்டு வேரை விட்டால் அது மக்கிக் குழாய் போட்டது மாதிரி வழிவிடும். தண்ணீர் இறங்கிய பிறகு வேர்ப்பந்தோடு தோண்டி எடுத்து, 15 செ.மீ. அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். கறையான் புற்றும் பெருச்சாளி வளையும் அப்படித்தான்.

பதில் 4: வக்கீல்_சேலம்

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் அணைக்கும் உண்டு, ஆனால் 15 மீட்டருக்கு மேலும், 10 முதல் 15 வரை சில நிபந்தனையோடும்தான். 5.5 மீட்டர் அதில் வராது. அதனால் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. கார்வேட்டிநகரம் ஜமீன்தார் வழக்கில் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமானபோது, 1874இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) கவனக்குறைவு இல்லையென்று ஜமீன்தாரை விட்டது. அவை ஊருக்குப் பயன்படும் பழைய ஏரிகள், அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை என்பதுதான் காரணம். சொந்தப் பாசனத்துக்குக் கட்டிய கரைக்கு அந்த நிழல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கசிவு தெரிந்தும் மூட்டை அடுக்கியது கவனக்குறைவுக்கு நல்ல சாட்சி. எஃப்.எம்.பி. (நில அளவைப் புலப்பட) வரைபடத்தில் ஓடை புறம்போக்காக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பதில் 5: கலிங்கடி

நிரந்தர வேலை ஜனவரி முதல் மார்ச்சுக்குள். குழாய்க்குள் சிமெண்ட் பால் ஏற்றி மூடினால் போதும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். 24 மீட்டர் குழாய்க்கு 0.42 கனமீட்டர், பத்து மூட்டை சிமெண்டில் முடிந்துவிடும், மலிவு. ஆனால் உங்களுக்குப் பொந்து குழாய்க்கு வெளியே இருக்கிறது. கரையை அந்த இடத்தில் 1:1 சரிவோ அதைவிடச் சாய்வாகவோ திறந்து, குழாயை எடுத்துவிட்டு, பக்கங்களைப் படிபோல் வெட்டிச் சேர்த்துக் கட்டுவதுதான் வழி. மண் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, உள்ளங்கையை ஈரமாக்காத பதம். 15 செ.மீ. அடுக்கு, ஆட்டுக்கால் ரோலர். அதற்கு முன் ஒரு சோதனை: கரை மண்ணில் கடலை அளவுக் கட்டியை மழைத்தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டுப் பத்து நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி கலங்கினால் அது தண்ணீரில் தானாகக் கரையும் மண். அதே மண்ணைத் திரும்பப் போடாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.