மறு: 'கேரியிங் கெபாசிட்டி' – தாங்குதிறனா, வேற ஏதாவதா?

மடல் 1

எல்லாருக்கும் வணக்கம். கடலோர ஊர்கள்ல சுற்றுலாவை ஊர்க்காரங்களே கூடி உக்காந்து திட்டமிடறதுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிட்டு இருக்கேன். பக்கத்துக்கு ரெண்டு தடவை 'கேரியிங் கெபாசிட்டி' வருது, அதாவது ஒரு இடம் கெடாம எத்தனை பேரைத் தாங்கும்ங்கற அளவு. சுற்றுச்சூழல் புத்தகங்கள்ல தாங்குதிறன், ஏந்துதிறன் ரெண்டும் பாத்திருக்கேன், கொள்திறன்னும் சில பேர் எழுதறாங்க. எதை எடுக்கறது?

கூடவே 'லிமிட்ஸ் ஆஃப் அக்செப்டபிள் சேஞ்ச்'னு ஒண்ணு. 'ஏற்கத்தக்க மாற்றத்தின் வரம்புகள்'னு போட்டேன், வாசிச்சா அரசாணை மாதிரி இருக்கு. கூட்டத்துல மீன்பிடிக்கறவரும் லாட்ஜ் வெச்சிருக்கறவரும் எதிரெதிர உக்காந்து சண்டை போடும்போது வாயில வர்ற மாதிரி சொல் வேணும். உதவுங்க.

மடல் 2

தம்பி, கொள்திறனை முதல்ல தூக்கிப் போட்டுடுங்க, அது தொட்டிக்கும் பேட்டரிக்கும் பொருந்தற சொல். ஏந்துதிறன் எழுத்துல அழகு, பேச்சுல யாரும் சொல்ல மாட்டாங்க. மூணுல தேறுறது தாங்குதிறன்தான். ஆனா அதுலயும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு, முடிவெடுக்கற ஆள் யாருங்கறதையே அந்தச் சொல் மறைச்சிடுது.

தாங்குதிறன்னதும் லிஃப்ட்டுக்குள்ள '8 பேர்'னு அடிச்சிருக்கற தகடுதான் ஞாபகம் வருது. எவனோ சோதிச்சுப் பாத்து அடிச்ச நம்பர், அதுல நாம பேச ஒண்ணும் இல்ல. கடற்கரைக்கும் அப்படி ஒரு நம்பர் மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்கு, நிபுணர் வந்து தோண்டி எடுத்துக் குடுத்துட்டா வேலை முடிஞ்சதுனு தோண வெச்சிடும். அந்தக் கருத்து வந்த வழியும் அப்படித்தான், மேய்ச்சல் நிலத்துல புல் அழியாம எத்தனை மாடு மேயலாம்னு போட்ட கணக்கை அப்புறம் சுற்றுலாவுக்கும் இழுத்துட்டு வந்துட்டாங்க. 1981ல உலகச் சுற்றுலா அமைப்பு குடுத்த விளக்கத்தைப் பாருங்க, சுற்றுச்சூழலும் பொருளாதாரமும் சமூகமும் கெடாம, வந்தவங்க திருப்தியும் ஏத்துக்க முடியாத அளவுக்குக் குறையாம, ஒரே சமயத்துல அதிகபட்சம் எத்தனை பேர் வரலாம்ங்கறதுனு போகும். ஏத்துக்க முடியாத அளவுன்னா யாருக்கு ஏத்துக்க முடியாத அளவு? அங்கயே கணக்கு முடிஞ்சு பேச்சுவார்த்தை ஆரம்பிச்சிடுது.

பிலிப்பைன்ஸ்ல பொராகாய் தீவை 2018 ஏப்ரல் 26லேர்ந்து ஆறு மாசம் அடியோட மூடினாங்க இல்லையா, கூட்டம் தாங்காமதான் மூடினாங்கனு பொதுவா பேசிக்கறோம், ஆனா உடனடிக் காரணம் கழிவுநீர். எத்தனையோ கட்டடம் முறையான கழிவுநீர் இணைப்பு இல்லாம, மழைநீர் வடிகால்ல விட்டு, அது நேரா கடலுக்குப் போயிட்டு இருந்தது. மறுபடி திறந்தப்போ தீவுல ஒரே நேரத்துல 19,215 பயணிங்க, ஒரு நாளைக்குப் புதுசா வர்றவங்க 6,405னு கட்டுப்பாடு போட்டாங்க. கடைசி இலக்கம் வரைக்கும் துல்லியமா இருக்கறதால இயற்கையே சொன்ன நம்பர் மாதிரி இருக்கு. ஆனா சுத்திகரிப்பு நிலையம் ஒண்ணு கூடுதலா கட்டினா அது ஏறும், குழாய் உடைஞ்சா இறங்கும். அப்போ இதைத் தீவோட திறன்னு சொல்றதா, குழாயோட திறன்னு சொல்றதா?

ஹவாய்ல ஹனௌமா வளைகுடால 2002லேர்ந்து உள்ள போறவங்க எல்லாரும் முதல்ல ஒரு குட்டி வீடியோ பாத்தாகணும், பவளத்து மேல கால் வைக்காதீங்கனு சொல்லி அனுப்பறாங்க. அதைக் கேட்டு நடக்கற ஆயிரம் பேரும் கேக்காத ஆயிரம் பேரும் தலைக்கணக்குல ஒண்ணு, சேதாரத்துல ஒண்ணே இல்ல.

இந்தக் குடைச்சல் தாங்காமதான் அமெரிக்க வனத்துறை ஆய்வாளருங்க 1985ல கேள்வியையே மாத்தினாங்க. எத்தனை பேர் வந்தா அதிகம்னு கேக்கறதை விட்டுட்டு, எவ்வளவு மாறினா நமக்குச் சம்மதம்னு கேட்டாங்க, அதுதான் நீங்க கேட்ட ரெண்டாவது சொல். ஆள் நடமாட்டம் இருந்தா மாற்றம் இருந்தே தீரும், அதுல எது வரைக்கும் சரினு முன்கூட்டியே பேசி எழுதி வெச்சுக்கறது. மான்டானால பாப் மார்ஷல் காட்டுப் பகுதிக்கு இதை வெச்சுத் திட்டம் போட்டப்போ அதிகாரிங்க மட்டும் உக்காரல, அந்தக் காட்டைப் பயன்படுத்தறவங்களையும் சேத்துதான் பேசினாங்க.

அதனால ரெண்டாவதுக்கு நான் சொல்றது 'இசைவு வரம்பு'. மாற்றம்ங்கற சொல் இதுல விழுந்துடுது, தெரியும். கலைச்சொல்லுக்குள்ள விளக்கம் முழுசையும் திணிக்கப் போனா அரசாணைதான் கெடைக்கும். முதலாவது தாங்குதிறனாவே இருக்கட்டும், குடிதண்ணி, கழிவுநீர், பார்க்கிங் மாதிரி அளந்து சொல்லக்கூடிய விஷயங்களுக்கு மட்டும்.

மடல் 3

நண்பர்களுக்கு வணக்கம். 'இசைவு வரம்பு' என்பதில் எனக்கு இசைவு இல்லை, மன்னிக்கணும்.

முதல் காரணம் சின்னது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருவது 'இசைவாணை'. அந்தப் பழக்கத்தில் இருப்பவர் இதைப் பார்த்தால் ஏதோ லைசென்ஸ் எல்லை என்றுதான் படிப்பார்.

இரண்டாவதுதான் பெரிசு. எல்லாமே இசைவு என்று விட்டால் யாருடைய இசைவு? கூட்டத்துக்கு ஓட்டல்காரர் வருவார், படகு விடுகிறவர் வருவார், வீட்டை வாடகைக்கு விடுகிறவர் வருவார். பவளம் வராது, ஆமை வராது. மணலைத் தோண்டி முட்டை வைத்துவிட்டுப் போகிற ஆமையின் குஞ்சு, வெளியே வந்ததும் கடல் பக்கம் போகாமல் ஓட்டல் விளக்கைப் பார்த்து எதிர்த்திசையில் ஊர்ந்து போகும். அந்த விளக்கு எரிவதற்கு ஊரே இசைந்திருக்கலாமே, அதனால் அது சரியாகிவிடுமா? தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018ல் மூடினார்கள். அங்கே தொழில் நடத்தியவர்களிடம் இசைவு கேட்டிருந்தால் இன்றைக்கும் மூடியிருக்க மாட்டார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகு விரிகுடாவுக்குள்ளேயே வரக்கூடாது, தீவின் பின்பக்கமாக இறக்கிவிட வேண்டும், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம், 375 பேர் என்று கட்டுத்திட்டம் செய்தார்கள். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. இங்கே பேசியது பவளத்தின் தாங்குதிறன், ஊரின் இசைவு இல்லை. பலம் இல்லாதவர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த நம்பர், அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

எனக்குத் தோன்றுவது 'பொறுதி எல்லை'. பொறுத்துக்கொள்ளலாம் என்கிற அளவு. மண்ணும் பொறுக்கும், மனிதரும் பொறுப்பார்.

மடல் 4

ஐயா, ஆமை விஷயத்துல நீங்க சொல்றதோட எனக்குச் சண்டையே இல்ல. அதுக்குத்தான் தாங்குதிறனைத் தூக்கி எறியாம தனியா வெச்சேன். தாங்குதிறன் குறைஞ்சபட்சப் பாதுகாப்பா, தரை மாதிரி கீழ நிக்கட்டும், அந்தப் பாதுகாப்புக்குக் கீழ போக ஊரே கையெழுத்துப் போட்டாலும் கூடாது. ஆனா அதுக்கு மேல இருக்கற இடம்தான் பெரிய இடம், ஊர்க்கூட்டத்துல முக்காவாசி நேரம் அங்கதான் செலவாகும், அதுல எதையும் தாங்குதிறன் பேசாது. மீன் இறக்கற இடத்துல பாதியை வாட்டர் ஸ்போர்ட்ஸுக்கு விடலாமாங்கறதுக்கு எந்தக் கடல் விஞ்ஞானிகிட்ட பதில் இருக்கு? வலை காய வைக்க இடம் இல்லாம போறது பவளத்துக்கு ஒரு கேடும் இல்ல.

அமெரிக்கால மெயின்ங்கற மாநிலத்துல பார் ஹார்பர்னு ஒரு கடலோர ஊர், நிரந்தரமா இருக்கறவங்க ஏறக்குறைய அஞ்சாயிரம் பேர்தான். சொகுசுக் கப்பல் ஒண்ணு வந்து நின்னா ஊர் ஜனத்தொகைல பாதி அளவு ஆளுங்க ஒரே காலைல இறங்கிடுவாங்க. 2022 நவம்பர்ல ஊர்க்காரங்களே ஓட்டுப் போட்டு, கப்பல்லேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல இறங்கக்கூடாதுனு கொண்டு வந்தாங்க. கடைக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2024 நவம்பர்ல அதை நீக்கலாமானு மறுபடி ஓட்டு, சொற்ப வித்தியாசத்துல வரம்பு தப்பிச்சது. இந்த ஆயிரம் எந்த ஆய்வகத்துலேர்ந்து வந்தது? கரை அதே கரை, துறை அதே துறை, இன்னும் கொஞ்சம் பேர் மாத்திக் குத்தியிருந்தா வரம்பே காணாம போயிருக்கும். இதை இசைவுனு சொல்லாம வேற என்னனு சொல்றது.

நீங்க கேட்ட 'யாருடைய இசைவு'ங்கற கேள்வியை இந்தச் சொல்லே கேக்க வைக்குது பாருங்க, அதனாலயே எனக்கு இது பிடிச்சிருக்கு. தாங்குதிறன்னு எழுதினா அந்தக் கேள்வி எழவே எழாது. இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ் ஊர்ல 2016 மே மாசம் வாக்கெடுப்பு வெச்சு, புதுசா கட்டற வீடு நிரந்தரமா குடியிருக்கறவங்களுக்குத்தான், லீவுக்கு மட்டும் வந்துபோறவங்களுக்கு இல்லனு முடிவு பண்ணாங்க, 80 சதவீதத்துக்கும் மேல ஆதரவு. வழக்குப் போட்டும் அது நின்னுச்சு. அப்புறம் என்னாச்சுன்னா, விடுமுறை வீடு தேடினவங்க பழைய வீடுங்க பக்கம் திரும்பிட்டாங்க, கட்டறவங்க வேற ஊருக்குப் போகப் பாத்தாங்கனு பொருளாதார ஆய்வாளருங்க எழுதினாங்க. வரம்பு போட்டதோட வேலை முடியல, அது என்ன பண்ணுதுனு பாத்துட்டே இருந்து மறுபடி கூடணும். திறன்னா மாறாததுனு தோணும், இசைவுன்னா அடுத்த வருஷம் திரும்பக் கேக்கலாம்.

பொறுதிக்கு எனக்கு மனசு வரல. பொறுத்துப் போங்க, ஊர் வளருதுல்லனு ஏற்கனவே எல்லாரும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. 1975ல டாக்ஸிங்கற ஆய்வாளர் ஊர்க்காரங்க மனநிலையை நாலு படியா வரிசைப்படுத்தினார், முதல்ல வந்தவங்களைக் கண்டா பூரிப்பு, அப்புறம் கண்டுக்காம விடறது, அப்புறம் எரிச்சல், கடைசில பகை. எல்லா ஊரும் இதே வரிசைல போகும்னு இல்ல, சுற்றுலால பொழைக்கறவங்களும் பொழைக்காதவங்களும் ஒரே ஊர்ல வேற வேற படில நிப்பாங்க. ஆனாலும் பொறுதினு பேர் வெச்சா மூணாவது படி முடியற வரைக்கும் சும்மா இருந்துட்டு அப்புறம் அளக்க ஆரம்பிக்கற மாதிரி இருக்கு.

இசைவாணைக் குழப்பம் நியாயமான கேள்வி. 'ஊரிசைவு வரம்பு'னு முதல் தடவை முழுசா எழுதிட்டு, அப்புறம் சுருக்கிக்கலாம்.

இன்னொண்ணு, கையேட்டுல வரம்போட கூடவே 'இண்டிகேட்டர்' வரும், அதாவது நிலைமை எப்படி மாறுதுனு எண்ணிப் பாத்துக் காட்டற அடையாளம், அதுக்கு நல்ல உதாரணம் சேருங்க. சீசன் இல்லாத மாசத்துல ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தெருல நடந்து எத்தனை வீட்ல விளக்கு எரியுதுனு எண்ணினாலே போதும், குடியிருக்கறவங்க எத்தனை பேர், பூட்டிப் போட்டவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சிடும். காலைல எத்தனை படகுக்குக் கரையேத்த இடம் கெடைக்குது, சீசன்ல குழாய்ல தண்ணி எத்தனை மணிக்கு நிக்குது, ஓட்டல்ல வேலை பாக்கறவங்க வீடு எவ்வளவு தூரத்துல இருக்கு. இதெல்லாம் யார் வேணா எண்ணலாம், கன்சல்டன்ட் வேண்டியதில்ல.

மடல் 5

அண்ணா, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து மூணாவது அத்தியாயத்துல போட்டுப் பாத்தேன். 'குடிநீர்த் தாங்குதிறன்' சிக்கல் இல்லாம உக்காந்துச்சு. 'கடற்கரைக் கடைகளுக்கான ஊரிசைவு வரம்பை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யலாம்', இதுவும் பரவாயில்ல. சத்தமா வாசிச்சப்போ 'இசைவு வரம்பைத் தாண்டிட்டீங்க'னு ஒருத்தரைப் பாத்துச் சொல்ல முடியுது, அது போதும் எனக்கு. ஐயா சொன்னதை அடிக்குறிப்பா இல்லாம கையேட்டுக்குள்ளயே ஒரு பத்தியா சேக்கறேன், தாங்குதிறனை மீற இசைவு செல்லாதுனு.

இண்டிகேட்டருக்கு சுட்டினு வைக்கலாம்னு பாத்தா கம்ப்யூட்டர்காரங்க அதை மவுஸுக்கும் லிங்க்குக்கும் எடுத்துட்டாங்க, அதனால குறிகாட்டி.

அடுத்து 'லீக்கேஜ்' வருது. பயணி செலவு பண்ற காசு ஊர்ல தங்காம வெளியூர் முதலாளிக்கும், இறக்குமதி சரக்குக்கும், புக்கிங் ஆப் கமிஷனுக்கும் போயிடறது. கசிவுனு போட்டா சொட்டுச் சொட்டா போற மாதிரி இருக்கு, நிஜத்துல பெரும்பங்கே போயிடுது. ஒழுக்குனு போட்டா ஒழுக்கம்னு படிச்சிடுவாங்களோனு பயம். யாராவது சொல்லுங்களேன்.